சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கிலோமீட்டர், நேரம் காற்றைப் பொறுத்தது

அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருப்பதால் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் நடுவிலும் ஓயாமல் வரும் கேள்வி இது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் நடுவே 15,349 கிலோமீட்டர். இரண்டாம் பாதியில்தான் ஆளுக்கொரு கணக்கு. டிக்கெட்டில் பதினெட்டே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாக ஏதோ போட்டிருக்கும், கூகுளில் தேடினால் பதினேழு சொச்சம் என்று ஒரு பதில் வரும், போய்விட்டு வந்தவரைக் கேட்டால் "எங்களுக்குப் பதினேழரையிலேயே இறக்கிவிட்டான்" என்பார், இன்னொருவர் பத்தொன்பது என்று சத்தியம் செய்வார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இதை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் விளக்கி அலுத்துப்போய்த்தான் இங்கே எழுதி வைக்கிறேன், இனிமேல் சுட்டியை அனுப்பிவிடலாம்.

முதலில் தூரத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களுக்கும் அதை ஒரு துண்டுக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. 180 வந்திருந்தால் இரண்டும் பூமி உருண்டையில் சரியாக எதிரெதிர்க் கோடுகளில் இருக்கின்றன என்று அர்த்தம், அப்போது இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய வழி நேராக வட துருவத்தின் மேலேதான் போகும். இரண்டு பாகைதானே குறைகிறது, அதனால் துருவத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் உள்ளாகவே அந்தக் கோடு உரசிக்கொண்டு போகிறது. சரி, இனி எளிது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மேலே 1.4 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க் 40.6 பாகையில் இருக்கிறது, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.4 பாகை. மொத்தம் 138. பூமியின் மேல் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 15,345 வருகிறது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை, நாமும் பாகையை ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொண்டோம். நாலு கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தால் என்ன.

பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்தான், ஆகவே உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களை எடுத்தாலும் அவற்றின் நடுவே 20,000 கிலோமீட்டருக்குமேல் தூரம் இருக்கவே முடியாது. அந்த உச்ச அளவில் முக்கால் பங்குக்கும் அதிகமானதை ஒரே மூச்சில் பறக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் துருவ வழி சுத்தமாகப் புரியாது. அதில் சிங்கப்பூர் வலது ஓரத்தில், நியூயார்க் இடது ஓரத்தில், நடுவே ஒரு நேர்கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று வரும். பிள்ளைகள் வைத்திருக்கும் உருண்டை குளோபை எடுத்து, ஒரு நூலின் நுனியைச் சிங்கப்பூரில் பிடித்து மறுநுனியை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே மேலே ஏறித் துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழும். அந்த நூல் போகும் வழியைச் சொல்கிறேன்: தாய்லாந்து, லாவோஸ், சீனாவில் செங்டு நகரத்துக்குக் கொஞ்சம் மேற்கே, மங்கோலியா, சைபீரியா, உறைந்த ஆர்க்டிக் கடல், துருவத்தின் பக்கம், பிறகு கனடாவின் வடகோடித் தீவுகள், கியூபெக், மாண்ட்ரியல் நகரத்தின் தலைக்கு மேலேயே வந்து நியூயார்க்.

அழகான கோடு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் அதில் போவதில்லை.

போகாததற்குப் பல காரணங்கள். செங்டுவுக்கு மேற்கே திபெத்தியப் பீடபூமியின் விளிம்பு ஆரம்பித்துவிடுகிறது. நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி சட்டென்று 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், கீழே மலையே அதைவிட உயரமாக நின்றால் எங்கே இறங்குவது? அதற்கென்றே தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் பறக்க வேண்டும். துருவத்தின் பக்கம் போனால் வேறொரு தலைவலி, எரிபொருள் குளிர்ந்துவிடும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், மற்ற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். வெளியே மைனஸ் 60, மைனஸ் 65 என்று மணிக்கணக்கில் இருந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே போக வேண்டும், ரொம்ப இறங்கினால் வேகத்தைக் கூட்டுவது அல்லது கொஞ்சம் கீழே வருவது என்று ஏதாவது செய்தாக வேண்டும். இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு சேவையைத் தொடங்கியபோது பெண் விமானிகள் மட்டுமே இருந்த குழு துருவத்தின் மேலாகத்தான் அந்த முதல் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கியது. அதுவும் 14,000 கிலோமீட்டரைத் தொட்ட தூரம்.

ஆனால் சிங்கப்பூர் – நியூயார்க் வழியைத் தினமும் முடிவு செய்வதில் பெரிய கை காற்றுடையது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டே இருக்கும் காற்றாறு ஒன்று உண்டு, ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குப் பக்கத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றே அதே திசையில் 150, 200 என்று ஓடினால் தரையைப் பொறுத்த வேகம் 1,100ஐ நெருங்கிவிடும். எதிர்த்துப் போனால் அதே அளவு கழிந்துவிடும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? நேர்வழியை விட்டுவிட்டுத் தைவான், ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக நியூயார்க் வருகிறார்கள். 2018இல் இந்தச் சேவையைத் திரும்பத் தொடங்கியபோது நிறுவனம் சொன்ன பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட 1,350 கிலோமீட்டர் அதிகம், அதாவது சென்னையிலிருந்து திருச்சிக்கு நாலு தடவை போகிற தூரம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: காற்றின் தயவில் சராசரி 950 கிலோமீட்டர் கிடைத்தால் 16,700ஐப் பதினேழரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எதிர்க்காற்றில் சராசரி 800க்கு இறங்கிவிட்டால் நேர்வழியான 15,349க்கே பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றிப் போகிறவன் முந்திக்கொண்டு போய்விடுவான்.

திரும்பி வரும்போது பெரும்பாலான நாட்களில் அதே வழியில் வருவதில்லை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி. வந்த வழியே பசிபிக்கில் திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும். அதனால் நியூயார்க்கிலிருந்து மறுபடியும் கிழக்காகவே கிளம்பி, அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா அல்லது நடு ஆசியா, அப்புறம் சில நாள் இந்தியாவைக் குறுக்கே கடந்து வங்காள விரிகுடா வழியாகச் சிங்கப்பூர் வந்துவிடுகிறார்கள். அதாவது போய்விட்டு வந்தால் நீங்கள் பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டீர்கள், போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு திசைக்கும் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதன் ரகசியம் இதுதான். சென்னை – துபாய், டெல்லி – லண்டன் மாதிரி வழிகளில் போக ஒரு நேரம் வர ஒரு நேரம் என்று நன்றாகவே வித்தியாசம் தெரியும். இங்கே அது இல்லை, ஏனென்றால் எதிர்எதிர்ப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் எந்தப் பக்கமாகப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே போகலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு முன்னால் இருந்த திரையில் வரைபடத்தையே போட்டு வைத்திருந்தேன், படம் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை, ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்று நல்ல கேள்வி. மதியம் சிங்கப்பூரில் ஏறினோம். ஜப்பான் தாண்டும்போது இருட்டியது. விளக்கை அணைத்து எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டு ஐந்தாறு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஜன்னல் மூடியின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. அம்மா மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்குக் காலையா, நாளைக்குக் காலையா?" என்றார். வெளிக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் உப்புக்கல் அளவில் பனித்துகள்கள், அதற்குக் கீழே வெறும் மேகம், திரையில் வெளி வெப்பநிலை மைனஸ் 57, தரை வேகம் 1,080. பதில்: இன்றைய காலைதான், இரண்டாவது முறை. நள்ளிரவைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைந்துவிட்டு, பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்ததும் மறுபடியும் சனிக்கிழமை ஆகிவிடுகிறது. சனிக்கிழமை மதியம் கிளம்பி, அதே சனிக்கிழமை மாலை நியூயார்க்கில் இறங்குகிறீர்கள், நடுவில் ஒரு ராத்திரியையும் ஒரு விடியலையும் பார்த்துவிட்டு. "அப்போ சனிக்கிழமை விரதம் இரண்டு தடவை இருக்கணுமா" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நல்லவேளையாகச் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது.

வரும்போது இதற்கு நேர்மாறு. வெள்ளி இரவு பத்தரை வாக்கில் ஜேஎஃப்கேயில் ஏறினால் ஞாயிறு விடிகாலை சாங்கி. சனிக்கிழமை முழுக்க ஆகாயத்திலேயே போய்விடும், அந்தப் பகலும் குட்டையான பகல்.

இன்னொரு வேடிக்கை கைக்கடிகாரம். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள், அந்த மாதங்களில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். அம்மாவின் பழைய எச்எம்டி கடிகாரம் அங்கே இருந்த நாள் முழுக்க சிங்கப்பூர் நேரத்தையும் நியூயார்க் நேரத்தையும் ஒரே முகத்தில் காட்டிக்கொண்டு இருந்தது. சர்க்கரை மாத்திரைக்குத்தான் இதில் குழப்பம், காலை எட்டு மணி மாத்திரை அங்கே இரவு எட்டு மணியில் வந்து நிற்கும். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, விமானத்தில் எப்போது, இறங்கியபின் எப்போது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது மற்ற எல்லாக் குறிப்பையும்விட முக்கியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வையுங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை, வாயிலில் இருந்து கிளம்பி வாயிலில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஜேஎஃப்கேயில் மாலையும் இரவும் ஐரோப்பா போகும் விமானங்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலேயே அரை மணி, முக்கால் மணி போய்விடும். அது எல்லாம் அந்தப் பதினெட்டே முக்காலில் அடக்கம். தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள், இல்லாவிட்டால் தினமும் தாமதம் என்று பெயர் வாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் கிளம்பும்போது அரை மணி தாமதமான விமானம் இறங்கும்போது சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறது, விமானி ஏதோ சாதித்துவிட்டது போலப் பின்னால் யாராவது கைதட்டவும் செய்வார்கள். மறுபக்கம், இணையத்தில் வரும் கணக்குகள் பெரும்பாலும் தூரத்தை 800 அல்லது 900 ஆல் வகுத்து அரை மணி கூட்டிச் சொல்கிறவை. 15,349ஐ 900 ஆல் வகுத்தால் பதினேழு மணி சொச்சம், அங்கேயிருந்துதான் அந்தப் பதினேழு வருகிறது. காற்றும் தெரியாது, சுற்றுவழியும் தெரியாது, ஜேஎஃப்கே வரிசையும் தெரியாது. சென்னை – சிங்கப்பூர் போன்ற தூரத்துக்கு அந்தக் கணக்கு போதும், இந்தத் தூரத்துக்கு உதவாது.

காற்றாவது பருவத்துக்கு ஏற்றபடி மாறுகிறது. அரசியல் ஒரே ராத்திரியில் மாற்றிவிடும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் எத்தனையோ நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி இல்லாமல் போனது. இதில் மோசமாக அடி வாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ 7,800 கிலோமீட்டர்தான், சைபீரியா வழியாக ஒன்பது ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், ஆசியாவுக்குக் குறுக்குவழி என்று சொல்லியே வியாபாரம் செய்தவர்கள். இப்போது துருவத்தைச் சுற்றியோ தெற்கே வளைந்தோ போக வேண்டியிருப்பதால் பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம். ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. நம் பக்கத்தில் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சிலவற்றை நடுவில் வியன்னாவில் இறக்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக வேண்டிவந்தது. நேரடி விமானம் என்று வாங்கிய டிக்கெட் ஒரு நிறுத்த விமானமாக மாறிவிட்டது.

எரிபொருள் என்றதும் இந்த வழியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலில் 2004இல் ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானத்தில் நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் நெவார்க் விமான நிலையத்துக்கு இதைத் தொடங்கியது. நான்கு எஞ்சின் குடிக்கும் எரிபொருளுக்குச் சாதாரண டிக்கெட் கட்டுப்படியாகவில்லை, 2008இல் எல்லா இருக்கையையும் எடுத்துவிட்டு நூறே நூறு பிசினஸ் கிளாஸ் இருக்கை போட்டுப் பார்த்தார்கள், 2013 நவம்பரில் நிறுத்தியே விட்டார்கள். ஐந்து வருடம் கழித்து 2018 அக்டோபரில் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே வந்த ரகம்) வந்தது, இரண்டே எஞ்சின். அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை போட்டால் 130 டன், விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 280 டன். முழுத் தொட்டியோடு கிளம்பினால் விமானத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்! இந்தப் பயணங்களின் மூலப் பிரச்சினையே இதுதான், கடைசி நான்கு மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினான்கு மணி நேரம் சுமந்துகொண்டு போக வேண்டும், அப்படிச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் செலவாகும். அதனால்தான் அந்த விமானத்தில் மொத்தம் 161 பேர்தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதாரண எகானமி கிடையவே கிடையாது. இதே ஏ350-900 மற்ற நிறுவனங்களில் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. முன்னால் நான்கு விமானிகள், இரண்டு இரண்டு பேராகத் தூங்கி எழுந்து மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஜேஎஃப்கேவுக்கு 2020 நவம்பரில், கொரோனா நடுவே, சரக்கையும் நம்பித் தொடங்கினார்கள். நெவார்க் சேவை 2022இல் திரும்பியது.

நீண்ட பயணம் என்றால் தூரத்தை மட்டும் பார்ப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் கதை இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரி. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருந்த வான்வழி அறுந்துவிட்டது. 1943இல் குவாண்டஸ் நிறுவனம் பெர்த் நகரத்திலிருந்து கொக்கலைக்குக் கேட்டலினா கடல்விமானங்களை ஓட்ட ஆரம்பித்தது. தூரம் 5,650 கிலோமீட்டர் அளவுதான், இன்றைக்கு ஏழெட்டு மணி நேரம். அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர், அதனால் இருபத்தேழு, இருபத்தெட்டு மணி நேரம் சாதாரணம், காற்று சரியில்லாத நாட்களில் முப்பதையும் தாண்டியது. எரிபொருளுக்கே எடை சரியாகிவிடும் என்பதால் மூன்று பயணிகள் மட்டும், கொஞ்சம் தபால். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதி, ரேடியோவைப் போடக் கூடாது, இரவில் நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரிய உதயம் பார்த்தார்கள் என்று பயணிகளுக்கு அதற்கென்றே ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். காற்றில் இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் இன்றைய எந்தப் பயணிகள் விமானமும் அதைத் தொடவில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கு 17,000 கிலோமீட்டரை நிற்காமல் பறக்க 2022இல் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதும் அதே குவாண்டஸ்தான், அதற்கே இருபது இருபத்திரண்டு மணி நேரம்தான் ஆகும்.

இனி டிக்கெட் போடுகிறவர்களுக்கு.

நேரடி விமானத்தில் நிறைய மிச்சம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸே சிங்கப்பூர் – பிராங்பர்ட் – நியூயார்க் என்று ஒரு விமானம் ஓட்டுகிறது. 10,300 கிலோமீட்டர், பிறகு 6,200, மொத்தம் 16,500. நேரடி விமானம் சுற்றிப் போகும் தூரத்தைவிட இது அதிகம்கூட இல்லை! நடுவில் நிற்பதையும் சேர்த்து இருபத்து மூன்று மணி நேரம் ஆகும், அதாவது மிச்சமாவது நான்கு மணி நேரம். இதில் சாதாரண எகானமியும் உண்டு. நான் தனியாகப் போனால் பிராங்பர்ட் வழியைத்தான் எடுப்பேன், நடுவில் இறங்கிக் காலை நீட்டி ஒரு காபி குடிக்கலாம். அம்மாவோடு போனால் நேரடி, ஏனென்றால் நடு ராத்திரித் தூக்கத்தைக் கலைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி வரிசை என்று அவரை அலைக்கழிக்க மனம் வராது. நேரடி விமானத்தின் பிரீமியம் எகானமியில் கடைசி சில வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன, தனியாகப் போகிறவர்கள் அதைப் பிடிக்கப் பாருங்கள், கூடுதல் பணம் கேட்பார்கள்.

நெவார்க்கா, ஜேஎஃப்கேவா? சிங்கப்பூரிலிருந்து நெவார்க் 15,344 கிலோமீட்டர், ஜேஎஃப்கே 15,349. ஆகாயத்தில் ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம். ஆனால் நியூஜெர்சியில் எடிசன், இசலின் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் (நம்மவர்கள் பாதிப்பேர் அங்கேதானே) நெவார்க்கிலிருந்து அரை மணி நேரத்தில் வீடு. ஜேஎஃப்கேயில் சாயங்காலம் ஏழு மணிக்கு இறங்கினால் நகரத்தைக் குறுக்கே கடந்து பாலம் பாலமாக ஏறி இறங்கி வர ஒன்றரை மணி, இரண்டு மணிகூட ஆகலாம், கூட்டிப்போக வரும் அக்கா வீட்டுக்காரர் முகமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். 15,000 கிலோமீட்டர் தாண்டி வந்தபின் கடைசி 70 கிலோமீட்டரில்தான் பொறுமை போகிறது. நெவார்க் விமானம் சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி அங்கே விடிகாலையில் இறங்கும், சாலையும் காலியாக இருக்கும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நியூயார்க் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்னை – நியூயார்க் நேர்கோட்டில் 13,500 கிலோமீட்டருக்குப் பக்கம், நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் 2,900 கிலோமீட்டரும் 11,000 கிலோமீட்டரும் சேர்ந்து 13,900 அல்லது 14,000, அதாவது நேர்கோட்டைவிட ஐந்நூறு கிலோமீட்டருக்குள்தான் அதிகம். வளைகுடா நகரங்கள் நம் வழியிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் வழி என்றால் முதலில் 2,900 கிலோமீட்டர் எதிர்த்திசையில் கிழக்கே வந்து, பிறகு 15,349. மொத்தம் 18,250. திரும்பும்போது இன்னும் கொடுமை, சில நாள் விமானம் இந்தியாவின் மேலேயே பறந்து சிங்கப்பூர் வந்து இறங்கும், நீங்கள் அங்கே இறங்கி நாலு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடியும் நாலு மணி நேரம் வந்த வழியே சென்னைக்குப் பறக்க வேண்டும். டிக்கெட் ரொம்ப மலிவாகக் கிடைத்தால், அல்லது லிட்டில் இந்தியாவில் இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போகலாம் என்று ஆசை இருந்தால் சரி. இல்லாவிட்டால் துபாய், தோஹா பக்கமே போங்கள்.